கோச் சொன்ன எடையும் மாறும்

அண்ணா, "பளுதூக்கல் கோச், தன் பிள்ளை தூக்கப்போற எடையை ஒருமுறை சொல்லிட்டா மாத்தவே மாட்டார், ஆயரும் சபையில அப்படித்தான் உறுதியா நிக்கணும்"னு எழுதியிருக்கீங்க. தப்புங்க. வேலூர் சத்துவாச்சாரியில் பளுதூக்கலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஸ்னாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 3, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோள்வரை தூக்கி, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) 3 வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சொன்ன எடையை 2 முறை மாற்றலாம், விதியிலேயே இருக்கு. எதிராளி எவ்வளவு கேட்கிறார், நம்ம பிள்ளை உடம்பு தாங்குமா என்று கடைசிவரை கணக்குப் போடுவதுதான் கோச் வேலை. துக்க வீட்டிலும், போன வருடம் ஒப்புக்கொண்ட சபைப் பொறுப்பையே கேட்டு நிற்கிற ஆயர், இதைத்தான் கற்றுக்கொள்ளணும். நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2018 காமன்வெல்த்தில் மொத்தம் 317 கிலோவோடு தங்கம் உறுதியானதும் கடைசி வாய்ப்பை எடுக்கவே இல்லையே!