யுனெஸ்கோ பெயர் நிறுவனத்துக்குச் சான்றிதழ் ஆகாது

மேலே உள்ள பதிவில் ஓர் அண்ணன், "பினாங்கில் யுனெஸ்கோ இடங்களுக்குக் கூட்டிப்போகும் சுற்றுலா எல்லாமே யுனெஸ்கோ சான்றிதழ் பெற்றது, பசுமையானது" என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை, அண்ணே. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுன் 2008இல் மலாக்கா நகரோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பினாங்கு ஹில் என்னும் கொடிமலை 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம், அதாவது இயற்கையைப் பாதுகாக்கும் பகுதி, ஆனது. இரண்டும் வேறு வேறு திட்டங்கள். இரண்டுமே இடத்துக்கான அங்கீகாரம். அங்கே வேன் ஓட்டும் நிறுவனத்துக்கு இல்லை.

நிறுவனம் எப்படி என்று தெரிய, அது செய்வதைப் பாருங்கள். ஜார்ஜ்டவுனில் உள்ள லிட்டில் இந்தியாவின் குறுகிய தெருவில் இன்ஜினை அணைக்காமல் பேருந்தை நிறுத்துகிறதா, நடத்திக் கூட்டிப்போகிறதா? உரிமம் பெற்ற வழிகாட்டி உண்டா? அப்புறம், கொடிமலையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகளுக்குத் தீனி கொடுக்க விடுகிறதா? அவை பெரும்பாலும் இலை தின்பவை. ரொட்டியும் இனிப்பும் அவற்றின் வயிற்றுக்கு ஆகாது, மனிதரிடம் பிடுங்கும் பழக்கமும் வந்துவிடும். படம் நன்றாக வரும் என்று பயணிகள் கையில் பிஸ்கட் கொடுக்கும் வழிகாட்டியை நானே பார்த்திருக்கிறேன். அவர் சட்டையிலும் ஒரு பச்சை இலைச் சின்னம் இருந்தது!