17 நிமிடம் மிஞ்சிய நெட் கெல்லி

ஆஸ்திரேலியக் கொள்ளையன் நெட் கெல்லியைப் பற்றி ஏதாவது படம் சொல்லுங்கள் என்று கேட்டால், 1970இல் மிக் ஜாகர் நடித்ததையோ 2003இல் ஹீத் லெட்ஜர் நடித்ததையோதான் எல்லோரும் கை காட்டுகிறார்கள். அவற்றைப் பிறகு பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது 1906இல் வந்த 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி கேங்'. சார்லஸ் டெய்ட் இயக்கிய மௌனப் படம். அதில் மிஞ்சியிருப்பது சுமார் 17 நிமிடம். அதைச் சரியாகப் பார்க்கத் தெரியாமல், "ஏதோ பழைய கோமாளி ஓட்டம்" என்று பலர் தள்ளிவிடுவதுதான் என் ஆதங்கம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அயர்லாந்தின் டிப்பரரியில் இரண்டு பன்றிகளைத் திருடியதற்காக ஆஸ்திரேலியப் பக்கம் நாடு கடத்தப்பட்டவர் ஜான் கெல்லி. அவர் மகன் நெட். 1878 அக்டோபர் 26 அன்று ஸ்டிரிங்கிபார்க் ஓடையருகே நெட்டின் கும்பலால் மூன்று போலீஸார் கொல்லப்பட்டார்கள். பிறகு யூரோவா, ஜெரில்டெரி வங்கிக் கொள்ளைகள். கும்பலைப் பிடித்துத் தருவோருக்கு 8000 பவுண்ட் பரிசு. 1880 ஜூன் 28 கிளென்ரோவனில் கடைசிச் சண்டை, அதே ஆண்டு நவம்பர் 11 மெல்பர்னில் தூக்கு. வயது 25. போலீஸுக்குக் கொலைகாரன், வடகிழக்கு விக்டோரியாவின் ஏழை விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் வீட்டுப் பிள்ளை. இரண்டுமே உண்மை என்பதால்தான் அவன் கதை இன்னும் ஓய்வதில்லை.

1906 டிசம்பர் 26 அன்று மெல்பர்ன் அத்தீனியம் அரங்கில் படம் வெளியானது. உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் அதன் நீளம். ஏறக்குறைய 4000 அடி. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம். ஆக 64,000 ஃபிரேம். விநாடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் 4000 விநாடி, அதாவது 67 நிமிடம். அதே சுருளை இன்றைய வேகமான 24இல் ஓட்டினால் 44 நிமிடத்தில் முடிந்துவிடும். மனிதர்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் துள்ளுவார்கள். சிரிப்பு வருவது இங்கேதான். தவறு படம் எடுத்தவர்களுடையது அல்ல, ஓட்டுபவர்களுடையது.

இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் ஒரே வேகத்தில் இல்லை. ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2006இல் சீரமைத்ததைத் தேடிப் பிடியுங்கள். வேறு துண்டு கிடைத்தால் ஒரு சோதனை செய்யுங்கள்: யாராவது சாதாரணமாக நடந்து வரும் இடத்தைப் பாருங்கள். கால்கள் வெட்டி வெட்டிப் போனால் பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். 24 ஃபிரேம் 18 ஆகிவிடும். மனிதர்கள் மனிதர்களாக நடப்பார்கள், குதிரைகளுக்கு எடை வரும்.

அடுத்தது ஒலி. மௌனப் படம் என்றால் அரங்கமும் மௌனமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குளம்படிக்குத் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டினார்கள், துப்பாக்கிச் சத்தத்துக்கு வெற்றுத் தோட்டாக்களை வெடித்தார்கள். கூடவே கதை சொல்லி விளக்க ஒருவர். அவர் இல்லாமல் பார்த்தால் யார் போலீஸ், யார் கெல்லியின் ஆள் என்பதே பல இடங்களில் பிடிபடாது. அந்த ஆளின் இடத்தை இன்று நிரப்புவது, படத்துக்காக அன்று அச்சிட்டு, தப்பிப் பிழைத்த நிகழ்ச்சிப் புத்தகம். படத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்துக் கதை சொல்கிறது. அதைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள். அது இல்லையென்றால் இந்தத் துண்டுகள் எந்த வரிசையில் வருபவை என்பதே குழம்பியிருக்கும்.

மீதி 50 நிமிடம் எங்கே போனது? அக்காலப் பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற வேதிப்பொருளால் ஆனது. அது வெறுமனே மங்கிப்போவதில்லை, தன்னைத் தானே தின்னும். பிலிமிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறும், மேலே பூசிய ஜெலட்டினில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும், அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். முதலில் படம் பழுப்பேறி மங்கும். அடுத்து பிசுபிசுத்துச் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு நுரைத்துக் கொப்புளிக்கும், இறுகிக் கட்டியாகும், கடைசியில் பழுப்புத் தூள். முதல் இரண்டு கட்டங்களில் பிடித்தால் பிரதி எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு எந்தத் தொழில்நுட்பமும் முழுதாகக் காப்பாற்றாது. காற்றுப் புகாத டப்பாவில் பத்திரமாக மூடி வைத்தாலும் ஆபத்துதான், ஏனென்றால் அமிலப் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழலும். தீப்பிடித்தாலோ, எரியத் தேவையான ஆக்சிஜன் பிலிமிலேயே இருப்பதால் தண்ணீரில் அமுக்கினாலும் அணையாது.

1970களின் இறுதியில் சில துண்டுகள் கிடைத்தன. பின்னர் பிரிட்டனில் கிடைத்த பகுதியும் சேர்ந்துதான் 2006இன் 17 நிமிடம். 2007இல் யுனெஸ்கோ தன் உலக நினைவகப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. நெட் வேடத்தில் நடித்தவர் யார் என்பதே இன்றுவரை உறுதியாகவில்லை.

தடைக்கு வருவோம். 1907இல் பெனல்லா, வங்கரட்டா ஊர்களில் படத்தைத் திரையிட விக்டோரியா அரசு தடை விதித்தது. வரைபடத்தைப் பாருங்கள், கிளென்ரோவன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தூக்கு நடந்து 26 ஆண்டுதான் ஆகியிருந்தது. நெட்டின் தாய் எல்லன் கெல்லி அப்போது உயிரோடு இருந்தார். 1923இல்தான் இறந்தார். அதாவது இது பழங்கதையின் படமல்ல, ஊருக்குள் இன்னும் ஆறாத பகையின் படம். 1912 வாக்கில் இவ்வகைக் கொள்ளையர் படங்களுக்கே தடை வந்தது. கொள்ளையனைப் புகழ்கிறது என்பது அச்சம். ஆனால் அந்த நிகழ்ச்சிப் புத்தகத்தின்படி முடிவு என்ன? காலில் சுடப்பட்ட நெட், என்னை உயிரோடு விட்டுவிடுங்கள் என்று போலீஸாரிடம் கெஞ்சுகிறான்! இப்படி முடியும் படத்தைப் பார்த்து அரசு பயந்தது என்றால், திரையில் இருந்ததைவிட அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத்தான் பயந்திருக்க வேண்டும்.

கிளென்ரோவன் சண்டையில் கும்பல் அணிந்திருந்த கவசத்தைப் பற்றித் தெரிந்தால்தான் கடைசிக் காட்சி புரியும். கலப்பையில் மண்ணைப் புரட்டும் இரும்புத் தகடுகளைக் காய்ச்சி அடித்துச் செய்தது. சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன், நெட்டினுடையது 44 கிலோ. கும்பலில் இருந்த ஜோ பைர்னின் கவசத்தை ஆய்வு செய்தபோது, சுமார் 750 டிகிரி செல்சியஸ் வரை, அதுவும் ஒரே சீராக இல்லாமல் சூடேறியிருந்தது தெரிந்தது. தேர்ந்த பட்டறையில் செய்ததல்ல, காட்டில் மூட்டிய உலையில் செய்தது. மார்பும் தலையும் தப்பின. தலைக்கவசத்தில் பார்க்க ஒரு குறுகிய பிளவு மட்டும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது. துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்க்க வழியில்லை. கால்களுக்கு ஒன்றுமே இல்லை. சார்ஜென்ட் ஸ்டீல் சுட்டு வீழ்த்தியது அங்கேதான்.

அந்தப் பகுதியில் பிலிம் மோசமாக அரித்திருக்கிறது. கறைகள் கொதித்துக்கொண்டே இருக்கும், அவற்றுக்கு நடுவே கவசம் போட்ட உருவம் நகரும். முதல் தடவை கறையைப் பார்ப்பீர்கள். இரண்டாம் தடவை அவன் கால்களை மட்டும் பாருங்கள்.