அறுபது என்ற எண்ணுக்கு என்ன மதிப்பு?

போன வாரம் சித்தி மகன் போன் பண்ணினான். கல்லூரி மூன்றாம் வருஷம் படிக்கிறான். "அண்ணா, 5060 வாங்கிடவா, இல்ல அடுத்தது வர்ற வரைக்கும் பொறுக்கவா?" அவன் கேட்டது என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டு, அதாவது கம்ப்யூட்டரில் கேம் காட்சிகளை வரையும் பாகம். பெயரின் முன்பாதி தலைமுறையைச் சொல்லும், கடைசி இரண்டு எண்கள் அதில் கார்டு எந்தப் படியில் இருக்கிறது என்பதைச் சொல்லும்.

இதே கேள்வியை 2023-ல், 4060 வந்த சமயத்திலும் கேட்டான். "அவசரப்படாதே, ரெண்டு வருஷம் பொறு, இதே காசுக்கு ரெண்டு மடங்கு கிடைக்கும்" என்று சொன்னது நான்தான். அவனும் நம்பிக் காத்திருந்தான். ஆசைப்பட்ட கேம்களை நண்பன் அறையில் போய் ஆடிவிட்டு வந்தான். அந்தப் பொறுமைக்குக் கிடைத்தது என்ன? 299 டாலருக்கு 8 ஜிபி மெமரி இருந்த இடத்தில், மறுபடியும் 299 டாலருக்கு 8 ஜிபி. மெமரியின் வேகம் கூடியிருக்கிறது, சிப்புக்குள் கணக்குப் போடும் குட்டி அலகுகளான கோர்களும் 3072-லிருந்து 3840 ஆகியிருக்கின்றன. முன்னேற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் அவனுக்குச் சொன்ன கணக்கு இது இல்லை.

அந்தக் கணக்கை நான் எங்கே கற்றேன் என்று யோசித்துப் பார்த்தேன். 2016-ல்தான். அந்த ஜூலையில் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது. விலை 249 டாலர், மெமரி 6 ஜிபி. 2014 செப்டம்பரில் 549 டாலருக்கு வந்த, முந்தைய தலைமுறையின் 980 கார்டுக்குக் கிட்டத்தட்ட சமமான வேகம். இரண்டே வருஷத்தில் பாதி விலைக்கும் கீழே! அடுத்த வருஷம் சென்னையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் நாலைந்து கடை ஏறி இறங்கி, முதல் சம்பள சேமிப்பில் ஒன்றை வாங்கினேன். ஊருக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். "இரண்டு வருஷம் பொறுத்தால் பாதி விலை" என்பது அன்றைக்கு மனதில் பதிந்தது. என் வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் பதிந்திருக்கும்.

ஆனால் 2016 ஒரு விதிவிலக்கான வருஷம். 2012-லிருந்து நாலு வருஷம் கிராபிக்ஸ் சிப்கள் 28 நானோமீட்டர் தயாரிப்பு முறையிலேயே நின்றிருந்தன. இந்த எண் குறையக் குறைய, அதே இடத்தில் அதிகச் சரக்கை அடைக்கலாம். இடையில் வந்த 20 நானோமீட்டரைத் தாண்டி, என்விடியா நேராக 16-க்குப் போனது. தேக்கிவைத்த அணையைத் திறந்தது போல நாலு வருஷ முன்னேற்றம் ஒரே நாளில் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்துவிட்டு, நதி என்றால் எப்போதும் இப்படித்தான் ஓடும் என்று நம்பியது நம் தவறு. இதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

அதற்காக எல்லாப் பழியும் வாங்குகிறவன் தலையில் விழக்கூடாது. ஏனென்றால் 2022-ல் அணை இன்னொரு முறை திறந்தது. சாம்சங்கின் 8 நானோமீட்டரிலிருந்து தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4என் என்ற புது முறைக்கு என்விடியா மாறியது. பெரிய தாவல். அந்தத் தண்ணீர் யார் வயலுக்குப் போனது என்று பாருங்கள். மேல் படியில் 3090-ல் 10496 கோர்கள், அடுத்த தலைமுறை 4090-ல் 16384. கீழே 3060-ல் 3584 கோர்கள் இருந்தன, 4060-ல் 3072. குறைந்திருக்கிறது! சிப் இயங்கும் வேகம் (கிளாக்) கூடியதால் ஆட்டத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, அவ்வளவுதான். மெமரியும் 12 ஜிபியிலிருந்து 8-க்கு இறங்கியது.

இன்னொரு விதமாகவும் கணக்குப் போடலாம். 1060-ல் 1280 கோர்கள். அந்தத் தலைமுறையில் பெரிய சிப்பில் வந்த 1080 டிஐ-யில் 3584. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். 3060-க்கும் 3090-க்கும் ஏறக்குறைய இதே விகிதம். 4060-ஐ 4090 பக்கத்தில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 5060-ஐ 21760 கோர்கள் உள்ள 5090 பக்கத்தில் வைத்தாலும் அதே கதை. பெயரின் கடைசி இரண்டு எண்கள் அப்படியே இருக்கின்றன, உள்ளே இருக்கும் சரக்கு ஒரு படி இறங்கிவிட்டது. அறுபது என்ற எண்ணைப் பார்த்து "நம்ம கார்டு வந்தாச்சு" என்று சந்தோஷப்படுகிறவனிடம் இதை யாரும் சொல்வதில்லை.

பெயரை வைத்து ஆடும் ஆட்டம் புதிதும் இல்லை. 2022-ல் ஒரே '4080' பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். மெமரி மட்டுமல்ல, உள்ளே சிப்பே வேறு. எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜிபி கார்டை விற்பனைக்கு வருவதற்கு முன்பே திரும்பப் பெற்றார்கள். 899 டாலர் என்று சொன்ன அதே கார்டு, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. வாங்குகிறவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் 100 டாலர் குறையும் என்பதற்கு என்னிடம் உள்ள நல்ல உதாரணம் இதுதான்.

2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையேறி, 549 டாலர் 5070-ல் 4090-ன் செயல்திறன் கிடைக்கும் என்றார். 4090 வந்தபோது 1599 டாலர். ஏஐ இல்லாமல் இது முடியாது என்றும் அவரே சொன்னார். ஆனால் முதல் வாக்கியம்தான் என் தம்பி வரைக்கும் வந்து சேர்ந்தது. திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். கார்டு உண்மையாக வரைகிற ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் மூன்று ஃபிரேம்கள் வரை ஏஐ நிரப்புகிறது. திரையில் எண்ணிக்கை ஏறும், அசைவு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் மவுஸை அசைத்ததற்கு ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் பதில் தருகிறது என்பது உண்மையான ஃபிரேம்களைப் பொறுத்தது. நொடிக்கு 30 ஃபிரேமில் தடுமாறும் ஆட்டத்தில் 120 என்று எண் காட்டினாலும் கைக்கு அந்த 30-தான் தெரியும். நல்ல தொழில்நுட்பம்தான், நானே பயன்படுத்துகிறேன். அதை வேகம் என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நிறுவனத்தின் பக்கம் இருக்கும் காரணமும் புரிகிறது. 2017 நிதியாண்டில் என்விடியாவின் வருமானத்தில் பாதிக்கு மேல் கேமிங். 2025 நிதியாண்டில் மொத்தம் 130 பில்லியன் டாலரைத் தாண்டியது, அதில் கேமிங் சுமார் 11 பில்லியன். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விலை உயர்ந்த சிலிக்கான் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் என் எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு தலைமுறை எனக்கு வேண்டாம். மூன்று வருஷம், நாலு வருஷம் ஆகட்டும். 50 வரிசையும் அதே 4என் குடும்பத்துச் சிப்தான் என்னும்போது, அதற்கு ஒரு புது ஆயிரத்து எண் அவசியமா? வரும்போது அதே காசுக்கு முந்தையதைவிட மெமரி குறையாமல் வரட்டும். 2021-ல் 12 ஜிபி வாங்கியவனுக்கு, 2025-ல் அதே விலை வரிசையில் 8 ஜிபியை நீட்டுவது அநியாயம்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுண்ணா" என்றான். பிறகு பெயரையெல்லாம் மறந்துவிட்டு, அவன் ஆடும் கேம்கள், அவனுடைய 1080பி (முழு எச்டி) மானிட்டர், கையில் இருக்கும் காசு, இந்த மூன்றை மட்டும் எழுதச் சொன்னேன். 8 ஜிபி வேண்டாம் என்பதில் இருவரும் உறுதி. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரேடியான் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, என்விடியாவின் 5060 டிஐ 16 ஜிபி, இரண்டில் எது அவன் காசுக்குள் அடங்குகிறதோ அது. முன்னது 349 டாலருக்கு அறிவிக்கப்பட்டது, பின்னது 429. நம்மூர் விலை கடைக்குக் கடை மாறும். வரும் சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போகிறேன். அடுத்த தலைமுறை எப்போது வரும் என்று இருவரும் பேசப் போவதில்லை.