ஓம், அந்த வீடியோவைக் காட்டியது நான்தான்

ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்பில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் தெரியவேண்டும் என்று ஒருவர் பதிவு போட்டு மூன்று நாளாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார். "பொம்பிளை வேஷம் போடுகிற வெள்ளைக்காரனைக் காட்டிப் பிள்ளைகளைப் பழுதாக்கிறா." சரி, காட்டினேன். ஆறு நிமிடம், அதுவும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. (அந்த மனிதரின் தகப்பன் வழி ஹொண்டுராஸ், தாய் வழி கியூபா. நமக்குத்தான் கடல் தாண்டினால் எல்லாரும் வெள்ளைக்காரர்.)

நான் காட்டியது பியாங்கா டெல் ரியோவை. ருபால்ஸ் ட்ராக் ரேஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் 2014இல், 6ஆவது பருவத்தில் வென்றவர். ட்ராக் என்றால் பெண் வேஷம் கட்டி மேடையேறுகிற கலை. 1 இலட்சம் டொலர் பரிசு. அதற்காகக் காட்டவில்லை. அந்த மேடைக்கு வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே நியூ ஓர்லியன்ஸில் நாடகக்காரருக்கு உடை தைத்துக்கொண்டிருந்தவர் அவர், அதற்கு விருதும் வாங்கியவர். தையல்காரர், ஐயா! தையல் வகுப்பில் தையல்காரரைக் காட்டாமல் கிரிக்கெட்காரரையா காட்டுவது?

அந்தப் போட்டியில் வாராவாரம் கடைசியாக வந்த இரண்டு பேரை நிறுத்தி, பாட்டுக்கு வாயசைத்து ஆடவிட்டு, தோற்பவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். பியாங்கா அந்தப் பருவம் முழுக்க ஒருதரமேனும் அந்த இடத்தில் நின்றதில்லை. வாய் அப்படி, கையும் அப்படி. ஆண் உடம்பில் இடுப்பு என்று ஒன்று கிடையாது, அதைப் பஞ்சும் ஃபோமும் வைத்து வரவழைக்கவேண்டும், பிறகு அந்தப் பொய் உடம்புக்கு அளவெடுத்து, ஆடினாலும் குனிந்தாலும் கிழியாத மாதிரி உடுப்புத் தைக்கவேண்டும். நான் இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன், எனக்கே அதில் பாதி வராது. அது வேலை. திரும்பவும் சொல்கிறேன், வேலை. அந்தப் பருவத்தில் கூடப் போட்டியிட்ட ஒருவருக்குத் தன் இடுப்பு இறுக்கும் பட்டியையே கொடுத்தார். தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அது எப்படிப்பட்ட கொடை என்று. இங்கே ஊசி கடன் கேட்டாலே முகத்தைத் திருப்புகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

"அவர் பேசுவதெல்லாம் ஊத்தைக் கதை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஓம், ஊத்தைக் கதைதான். அதனால்தானே சத்தத்தைக் குறைத்தேன். "பெற்றோரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே" என்று ஒரு ரீச்சர் கேட்டிருந்தார். கேட்டிருக்கலாம். அதை விடுங்கள்.

"இது எங்கள் கலாசாரம் இல்லை" என்கிறவர்களிடம்தான் எனக்குக் கதைக்க இருக்கிறது. நிலாவெளிக் கடற்கரையில் கல்யாணத்துக்கு முன்னம் கவுன் போட்டு, குடை பிடித்து, ட்ரோன் விட்டுப் படம் எடுப்பது எந்தப் புராணத்தில் இருக்கிறது? அந்தக் கவுனையும் நான்தான் தைத்துத் தருகிறேன். அப்போது யாரும் கலாசாரம் கேட்டதில்லை, விலை குறைக்கத்தான் கேட்டார்கள். சென்னைத் தொலைக்காட்சியில் நகைச்சுவைக்காரர் சீலை சுற்றிக்கொண்டு வந்து அடிவாங்கினால் குடும்பத்தோடு இருந்து சிரிக்கிறீர்கள், கேவலப்படுத்தத்தான் சீலை உடுத்தவேண்டும், அதே சீலையை ஒருவர் மரியாதையாக உடுத்தி வென்றுவிட்டால் உங்களுக்கு வயிறு எரிகிறது, அப்படித்தானே? டி.கே. சண்முகம் அவ்வையாராக நடித்து அவ்வை சண்முகம் ஆனார், சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர் இருக்கிறது. அவர் என்ன, பழுதாய்ப் போனவரா?

எங்கள் பெரிய மாமா தம்பலகாமத்துக் கூத்துகளில் அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதியாக ஆடியவர். நான் சின்னப்பிள்ளை. மாமா பின்னேரமே முகத்தை வழித்து, முத்துவெள்ளை பூசி, அம்மம்மாவின் சிவப்புச் சீலையை எடுத்து உடுத்துவார். சட்டைக்குள் பழைய துணி சுருட்டி வைப்பது என் வேலை. ஒரு பக்கம் கூடிவிட்டால், "என்ன பிள்ளை, ஒரு பக்கம் சம்பூர், மறுபக்கம் கிண்ணியாவா?" என்று எங்கள் பக்கத்து ஊர்களைச் சொல்லிச் சிரிப்பார். மகன் செத்த இடத்தில் மாமா அழுதால் களரியைச் சுற்றி இருந்த சனமெல்லாம் அழும். விடிந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனால் அதே சனம் "என்ன சந்திரமதி, புருஷன் எங்கே?" என்று கேட்கும். மாமாவும் சிரிப்பார். ஆனால் நாற்பது வயதுக்குப் பிறகு அவர் ஆடவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்கவேண்டும். அவருக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் இரண்டு தரம் திரும்பிப் போனார்கள் என்று அம்மா பிற்காலத்தில் சொன்னா.

பியாங்கா 2019இல் லண்டன் வெம்பிளி அரீனாவில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி போட்டார், அங்கே அப்படிச் செய்த முதல் ட்ராக் கலைஞர் அவர்தான். அதைப் படித்த அன்று எனக்கு மாமாவின் நினைவுதான் வந்தது. மாமாவுக்குக் கிடைத்த பெரிய மேடை கோயில் வீதி. ஒரு பிளேன்ரீயும் வெற்றிலையும் சம்பளம்.

இப்போது சொல்லுங்கள், நான் யாரைக் கெடுத்தேன்? வகுப்பில் பதினொரு பிள்ளைகள். ஒரு பெடியன் அன்று முதல்தடவையாக வாய் திறந்து, "அன்ரி, அந்தக் கழுத்து மடிப்பு எப்படி நிற்குது?" என்று கேட்டான். மூன்று மாதமாகப் பின்வாங்கில் இருந்து நூல் கோத்துத் தந்துகொண்டிருந்த பிள்ளை. புதன்கிழமை அவன் வரவில்லை. வீட்டில் மறித்துவிட்டார்களாம். இதற்குத்தானே அந்தப் பதிவைப் போட்டீர்கள், நடந்துவிட்டது, சந்தோஷமா?

"தையல்காரிக்கு இந்த வேலை எதற்கு" என்றும் எழுதியிருந்தீர்கள் அண்ணா. அதை மட்டும் நான் மூன்று தரம் வாசித்தேன். உங்கள் மகளின் நாட்டிய உடுப்பு தைத்து முடிந்து என் மேசையில்தான் கிடக்கிறது, கொக்கி மட்டும் பாக்கி. பின்னுக்கு நிற்கிற விசிறி மடிப்பை அந்த வீடியோவைப் பார்த்துத்தான் இம்முறை மாற்றி வைத்தேன், வடிவாக விரிகிறது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சக் காசையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.