"ஐஸ் மீன் வேணாம்" என்பவர்கள் வீட்டு ஃப்ரீசரை ஒரு தடவை திறந்து பாருங்கள்

சென்னை காசிமேடு மீன் மார்க்கெட்டில் விடியக்காலையில் போய் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே வசனம்தான் பேசுகிறார்கள். "ஐஸ் மீன் வேணாம்மா, ஃப்ரெஷ்ஷா குடு." அப்புறம் அந்த ஃப்ரெஷ் மீனைக் கறுப்பு கேரி பேக்கில் வாங்கி வண்டி ஹூக்கில் மாட்டி, வழியில் டிபன் முடித்து, காய்கறி வாங்கிக்கொண்டு வியாசர்பாடிக்கோ மணலிக்கோ போய்ச் சேரும்போது மணி ஒன்பது. அரை கிலோ குழம்புக்கு. மிச்சம் மூன்று கிலோ, அதே கறுப்புப் பையோடு, ஃப்ரீசருக்கு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இந்தக் காட்சி தெருவுக்குப் பத்து வீட்டில் நடக்கும்.

என் கருத்து இதுதான்: பிடித்ததிலிருந்து ஐஸுக்குள் இருந்த மீன், மூன்று மணி நேரம் வெயிலில் ஊர் சுற்றிய "ஃப்ரெஷ்" மீனைவிட நல்ல மீன். வீட்டில் கெட்டுப்போகும் உணவில் பெரும்பகுதிக்கு ஃப்ரீசர் காரணமே இல்லை. ஃப்ரீசருக்குள் போவதற்கு முன்னாலும், வெளியே எடுத்த பின்னாலும் நாம் செய்கிற வேலைதான் காரணம்.

ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது, தூங்க வைக்கும். அவ்வளவுதான். மீனோ கறியோ உள்ளே போகும்போது எந்த நிலையில் இருந்ததோ, அதே நிலையில்தான் வெளியே வரும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம்; வாகான சூட்டில் சில வகைகள் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். நம் ஊரில் மே மாதத்துச் சமையலறை கிட்டத்தட்ட அந்த வாகான சூடுதான்.

வஞ்சிரம், காணாங்கெளுத்தி, சூரை, மத்தி, இந்த வகை மீன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டில் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமைனாக மாற்றிவிடும். ஒருமுறை உருவாகிவிட்டால் அந்த ஹிஸ்டமைன் உறைய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. மீன் கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்து, நெஞ்சு படபடக்கும். "எனக்கு வஞ்சிரம் ஒத்துக்கறதில்ல" என்று சொல்கிறவர்களில் சிலருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனது வஞ்சிரம் இல்லை, அது வெயிலில் கிடந்த நேரம். (நிஜமான மீன் அலர்ஜியும் இருக்கிறது. மூச்சுத் திணறினால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

அதனால் முதல் வேலை மார்க்கெட்டிலேயே ஆரம்பிக்கிறது. மூடி போட்ட தெர்மாகோல் பெட்டியோ பழைய பெயின்ட் பக்கெட் அளவில் ஒரு சுத்தமான டப்பாவோ எடுத்துப் போங்கள். (பெயின்ட் பக்கெட்டே வேண்டாம்!) ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கின ஐஸ், கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. வெட்டித் தருகிற அக்காவிடம் செவுளையும் குடலையும் மொத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். காய்கறியை மீன் வாங்குவதற்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

ஆட்டுக்கறிக்கு விதி கொஞ்சம் மாறும். அறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கறியை வாங்கி நேராக ஃப்ரீசரில் போட்டால், அதை இளக்கும்போது தசை சுருங்கி இறுகிவிடும். எட்டு விசில் விட்டும் வேகாத கறிக்கு ஆட்டின் வயசு மட்டும் காரணமில்லை. ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில் மூடி வைத்து, மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். போட்டி, ஈரல், மூளைக்கு இது பொருந்தாது. அவை சீக்கிரம் கெடும். அன்றைக்கே சுத்தம் செய்து சமைப்பது நல்லது.

இனி ஃப்ரீசர். இங்கே ஒரு பெரிய குழப்பம். கதவில் ஒட்டியிருக்கும் ஐந்து ஸ்டார் ஸ்டிக்கர் கரண்ட் செலவுக்கானது; குளிருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. குளிருக்கென்று தனி நட்சத்திரக் குறி உண்டு: ஒன்று என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. "ஆறு மாசம் வெச்சுக்கலாம்" என்று எங்கேயாவது படித்தால் அது மைனஸ் 18-க்குச் சொன்ன கணக்கு. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் குட்டி ஐஸ் பெட்டியில் பல நேரம் அந்தக் குளிர் வராது. சோதிக்க வேண்டுமா? ஒரு கப் ஐஸ்கிரீமை ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கல் மாதிரி இறுகாமல் ஸ்பூன் சுலபமாக இறங்கினால், அந்தப் பெட்டி மாதக்கணக்குச் சேமிப்புக்கு ஆகாது. அதில் மீன் ஒரு வாரம், கறி இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்வது என் பழக்கக் கணக்கு. உண்மையான மைனஸ் 18 இருந்தால் மத்தி, காணாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்கள் இரண்டு மூன்று மாதம், கொழுப்புக் குறைந்த வெள்ளைச் சதை மீன் ஆறு மாதம், கொத்துக்கறி மூன்று நான்கு மாதம், சமைத்த குழம்பு இரண்டு மூன்று மாதம். இவை ருசிக்கான கெடு. தொடர்ந்து மைனஸ் 18-லேயே இருந்தது அதற்கு அப்புறமும் ஆளைப் படுக்க வைக்காது, ஆனால் சக்கை மாதிரி இருக்கும்.

அளவும் முக்கியம். 28 லிட்டர் ஃப்ரீசர் இடத்துக்கு ஒரு நாளில் ஒன்று, ஒன்றரை கிலோதான் புதிதாக உறையும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் இருபது லிட்டருக்குள்ளேதான் வரும். அதாவது முக்கால் கிலோ. மூன்று கிலோவை ஒரே உருண்டையாகத் திணித்தால் வெளிப்பக்கம் இறுகும், நடு மையம் மறுநாள் வரை கொழகொழ என்றே இருக்கும். மெதுவாக உறைந்தால் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து சதையின் செல்களைக் குத்திக் கிழிக்கும். இளக்கும்போது தட்டு நிறைய ஓடுகிற சிவப்புத் தண்ணீர் அதுதான். சாறெல்லாம் தட்டில், கறி வாயில் நார்.

தீர்வு ரொம்பச் சுலபம். ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவு, அரை கிலோவுக்கு மேல் வேண்டாம், ஜிப் கவரில் போட்டு இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பளம் மாதிரித் தட்டையாக்குங்கள். காற்றை வெளியேற்ற மெஷின் தேவையில்லை: ஜிப்பை ஓரத்தில் கொஞ்சம் திறந்து வைத்து, கவரைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மெல்ல இறக்குங்கள், தண்ணீரே காற்றைத் தள்ளிவிடும்; வாய் நனைவதற்கு முன்னால் மூடிவிடுங்கள். காற்று பட்ட இடம் காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அது விஷம் இல்லை, ஆனால் ரப்பர். எறாவுக்குத் தோலோடு டப்பாவில் போட்டு மூழ்கும்வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றி உறைய வைப்பதுதான் சரி. பனி உறையே பாதுகாப்பு. கவர்மேல் தேதி எழுதுங்கள். கறுப்பு கேரி பேக் மறுசுழற்சி பிளாஸ்டிக், உணவுக்கானது இல்லை. செய்தித்தாளும் உணவைத் தொடக் கூடாது.

சமைத்ததை உறைய வைப்பவர்களுக்கு: அண்டாவோடு ஆறட்டும் என்று ராத்திரி முழுக்க அடுப்பின்மேல் விடாதீர்கள். முக்கியமாகச் சோறும் பிரியாணியும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, சோறு வெந்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு கக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அகலத் தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைத்து, ஆவி அடங்கியதும் டப்பாவில் அடையுங்கள். குழம்பென்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்துக் கிளறுங்கள். உருளைக்கிழங்கு மணல் மாதிரி ஆகும், வேகவைத்த முட்டை ரப்பராகும், தயிரும் தேங்காய்ப்பாலும் திரியும். இவற்றை உறைய வைக்காதீர்கள். துருவின தேங்காய், பட்டாணி, மொச்சை, இஞ்சி பூண்டு விழுதெல்லாம் ராஜா மாதிரி தாங்கும்.

இப்போது இளக்குவது. இதில்தான் எனக்கு நிஜமான கோபம். காலையில் மீனை எடுத்து சிங்க்கில் போட்டுவிட்டுச் சர்ச்சுக்கோ கோயிலுக்கோ போய்விட்டுப் பதினொரு மணிக்கு வந்து "நல்லா இளகிடுச்சு" என்பார்கள். நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும். வெளிப்பக்கமோ இரண்டு மணி நேரமாக அறைச் சூட்டில். வெளியே வைக்க இரண்டு மணி நேரம் வரை கெடு என்பது பொதுக் கணக்கு; அறை 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வண்ணாரப்பேட்டையில் ஷீட் போட்ட மாடி வீட்டில் வருஷத்தில் எத்தனை மாதம் 32-க்குக் கீழே இருக்கும்?

அதேபோல "குழாய்த் தண்ணீரில் போடு" என்கிற யோசனை. அது குழாயைத் திறந்தால் கை விறைக்கிற ஊர்க்காரர்கள் சொன்னது. கத்தரி வெயிலில் நம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரில் டீத்தூள் போடாத குறைதான். தண்ணீரில்தான் இளக்க வேண்டுமென்றால், ஒழுகாத கவரோடு, ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் அமிழ்த்தி, அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். இளகியதும் உடனே சமைத்தாக வேண்டும்.

நிஜமான வழி, முந்தின ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஓரம் உயர்ந்த பாத்திரத்தில் வைப்பது. கீழ்த்தட்டு எதற்கென்றால், மேலே வைத்தால் அந்தத் தண்ணீர் கீழே இருக்கும் மாவிலும் கொத்தமல்லியிலும் சொட்டும். தட்டைப் பாக்கெட் காலைக்குள் தயார். முழுக்கோழிக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும். இப்படி இளக்கியதை, நிகழ்ச்சி மாறி மனசு மாறினால், மறுநாளுக்குள் திரும்ப ஃப்ரீசரில் போடலாம். ருசி குறையும், ஆபத்தில்லை. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியதை அப்படித் திரும்பப் போடக் கூடாது. சமைத்த பிறகு வேண்டுமானால் உறைய வைக்கலாம்.

வேக்யூம் பேக்கில் வரும் மீனைக் கவரைக் கிழிக்காமல் இளக்காதீர்கள். காற்றில்லாத இடத்தில் வளரும் பாட்டுலினம் என்ற கிருமியின் மீன் சார்ந்த வகை, ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரக்கூடியது.

எறா, நெத்திலி, கொத்துக்கறி மாதிரி சிறிசுகளை இளக்கவே வேண்டாம். கொதிக்கிற குழம்பில் நேராகப் போட்டுக் கூடுதல் நேரம் வேக விடுங்கள். வறுவல் என்றால் மேலிருக்கும் ஐஸைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறித்து மூஞ்சியில் அடிக்கும்.

ஐஸ் பெட்டிக்குள் பனி அரை சென்டிமீட்டர் ஏறிவிட்டால் குளிர் குறையும். தெர்மோஸ்டாட் (குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகு) நடுவில் உள்ள பட்டனை அமுக்கிக் கரைய விடுங்கள். கத்தியால் குத்தினால் சுவருக்குள் ஓடும் மெல்லிய குழாய் ஓட்டையாகி கேஸ் போய்விடும். புது ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது தீப்பிடிக்கிற ஐசோபியூட்டேன்.

கடைசியாக, கரண்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் வடசென்னையில் பல தெருக்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த பெரிய ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி காலியென்றால் ஒரு நாள். குட்டி ஐஸ் பெட்டிக்கு அந்தத் தெம்பெல்லாம் இல்லை. ஊருக்குப் போகும்முன் ஒரு கப் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். மூக்கை வைத்து மோந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். கொட்டுகிற வஞ்சிரத்தின் விலை வயிற்றெரிச்சல்தான், தெரியும்.