அவன் வைக்கறதுக்கு முன்னாடியே நாம வைக்கலாமா?

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி ஹைகோர்ட்டில் இறங்குவதற்குள் எனக்குப் போனில் ஏழெட்டு புல்லட் செஸ் கேம் ஓடிவிடும். ஆளுக்கு ஒரு நிமிஷம், இன்கிரிமென்ட் (நகர்த்தலுக்கு நகர்த்தல் கூடும் நொடி) கிடையாது. போன வாரம் பக்கத்து சீட்டில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், கேரம் பைத்தியம், செஸ்ஸும் நன்றாக ஆடுவார். புதுவண்ணாரப்பேட்டை தாண்டி வண்டி சுரங்கத்துக்குள் இறங்கும் வரைக்கும் என் போனையே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று கேட்டார்: "இன்னா நைனா இது? அவன் இன்னும் காய நகத்தவேயில்ல, நீ அதுக்குள்ள நகத்திட்ட?"

ப்ரீமூவ் என்றால் என்னவென்று சொன்னேன். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே நம் அடுத்த காயை நகர்த்தி வைத்துவிடலாம்; அவன் ஆடிய கணமே நம்முடையது தானாக விழும்; விதிப்படி செல்லாது என்றால் ரத்தாகிவிடும். அவர் முகம் சுளித்தார். "கேரம்ல எவனாவது காய் நிக்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ரைக்கர தட்டுவானா?"

நியாயமான கேள்விதான். 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் பக்கத்துப் பெண். இங்கே கேரம் வைத்துத்தான் எதையும் அளப்பார்கள். ஆனாலும் ப்ரீமூவ் ஏமாற்று வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவன் என்ன ஆடப்போகிறான் என்று முன்கூட்டியே கணித்துப் பந்தயம் கட்டுகிறோம். கணிப்பு தப்பினால் நஷ்டம் நமக்குத்தான். இதில் யாரை ஏமாற்றுகிறோம்?

நஷ்டமே இல்லாத ப்ரீமூவும் உண்டு. என் குதிரையை அவன் வெட்டப்போகிறான் என்று தெரிந்தால், அதே கட்டத்தில் சிப்பாயால் திருப்பி வெட்டும்படி போட்டு வைத்துவிடுவேன். அவன் மனசு மாறி வெட்டாமல் விட்டால் என் குதிரை அங்கேயே நிற்கும், என் காய் மேலேயே என் காய் ஏற முடியாது, ப்ரீமூவ் தானாகச் செத்துவிடும். இந்த மாதிரி இடத்தில் ப்ரீமூவ் போடாதவன் நேரத்தைச் சும்மா தானம் பண்ணுகிறான்.

எனக்குக் கோபம் வருவது பழக்கதோஷத்தில் போடுகிறவர்கள் மேல். அதாவது முக்கால்வாசி நேரம் என் மேல். வெள்ளை எதை ஆடினாலும் நான் கறுப்பில் சிப்பாயை ஜி6 (ஜி வரிசையின் ஆறாவது கட்டம்), அடுத்து பிஷப் ஜி7 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஒருத்தன் முதலில் டி4 வைத்தான், நான் ஜி6. இரண்டாவது நகர்த்தலிலேயே பிஷப்பைக் கொண்டுபோய் ஹெச்6ல் வைத்தான். பார்த்துக்கொண்டு ஆடுகிறவனிடம் இது தற்கொலை. என் பிஷப்பாலோ குதிரையாலோ சும்மா வெட்டிக்கொள்ளலாம். ஆனால் என் பிஷப் ஏற்கெனவே ஜி7க்குக் கிளம்பிவிட்டதே. அவன் அதை வெட்டி, மூலையில் முழித்துக்கொண்டிருந்த யானையையும் அடுத்ததாக எடுத்துக்கொண்டான். ஆட்டம் தொடங்கி ஐந்து நொடிகூட ஆகவில்லை. இது ஊரறிந்த பழைய பொறி. தெரிந்தேதான் விழுந்தேன்.

அதைவிட வயிற்றெரிச்சல் கடைசிக் கட்டத்தில். என்னிடம் ராணி, அவனிடம் வெறும் ராஜா, எனக்கு மூன்று நொடி. அவன் ஹெச்8 மூலைக்குப் போனான், நான் போட்டு வைத்திருந்த ராணி ஜி6ல் போய் உட்கார்ந்தது. செக்கும் இல்லை, அவனுக்குப் போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், டிரா. மூலையில் இருக்கும் ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைக்காதே என்று செஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கே சொல்லித் தருவார்கள். எதிரி ராஜா ஜி8, ஹெச்8 இரண்டுக்கும் நடுவே அல்லாடும்போது ராணியை ஈ7ல் நிறுத்திவிட வேண்டும். அப்புறம் அவனுக்கு அந்த இரண்டு கட்டம்தான். ஸ்டேல்மேட் ஆகாது. நம் ராஜாவை ஒவ்வொரு கட்டமாகப் பயமில்லாமல் ப்ரீமூவிலேயே கொண்டுவரலாம். எனக்கு இது தெரியும். அன்றைக்குக் கைதான் முந்திக்கொண்டது.

இன்னொன்று. எந்த செஸ் இணையதளத்தில் ஆடுகிறோம் என்பதைப் பொறுத்து ப்ரீமூவின் விலையே மாறும். லிசெஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போட முடியும், ஆனால் அதற்கு நேரமே கழியாது. செஸ்.காமில் வரிசையாக நாலைந்துகூட அடுக்கி வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி போகும். ஒரு நொடி மிச்சம் இருந்தால் பத்து நகர்த்தல், அவ்வளவுதான். கொஞ்சம்கூட நேரம் கழியாத ப்ரீமூவை வைத்துக்கொண்டு, தோற்க வேண்டிய நிலையில் ராஜாவை இங்கும் அங்கும் ஆட்டியே நம் கடிகாரத்தைத் தீர்த்துவிடுகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். விதியில் இடம் இருக்கிறது, அதனால் திட்ட முடியாது. அதற்குத்தான் இப்போது முடிந்தவரை 3+2 ஆடுகிறேன். உலக பிளிட்ஸ் (அதிவேக செஸ்) போட்டியிலும் அதே மூன்று நிமிஷம், நகர்த்தலுக்கு இரண்டு நொடி கூடுதல்தான். மெட்ரோவில் மட்டும் பழைய வியாதி.

அண்ணன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் மரப்பலகை, கடிகாரம், ஐந்து நிமிஷ ஆட்டம். நடு ஆட்டத்தில் அவர் யானையைக் கையில் தூக்கினார். டி வரிசைக்குத்தான் வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் கை ராணியை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அவர் யானையைக் கீழே வைக்காமல் என் கையைப் பார்த்தார்.

"ஓ, ராணி வருதா?" என்று கேட்டுவிட்டு, யானையை ஈ வரிசையில் வைத்தார்.