பூண்டு கொடுத்தால் வெள்ளைப்புள்ளி போகாது

கடல் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயைப் பூண்டும் சூடும் வைத்தே குணமாக்கியதாக ஒருவர் போட்ட காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பலர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். அதன் கீழே என்னைச் சுட்டி நடந்த கேலியையும் பார்த்துவிட்டேன். அதனால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கடையிலிருந்து வந்த ப்ளூ டேங் என்ற கடல் மீனை அவர் நேராகப் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் விட்டிருக்கிறார். உடம்பெல்லாம் உப்புத் தூவியது மாதிரி புள்ளி வந்ததும் தீனியில் பூண்டுச்சாறு, ஹீட்டர் 32 டிகிரி. ஐந்தாம் நாள் "பாருங்க, சுத்தமாயிடுச்சு" என்று காட்டுகிறார். புது மீனை, நோய் இருக்கிறதா என்று பார்க்க, வெறும் தொட்டியில் வாரக்கணக்கில் போட்டு வைக்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் என்று முடிக்கிறார்.

அந்த மீன் குணமாகவில்லை. புள்ளி மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். கிரிப்டோகாரியான் என்ற அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள்ளும் செவுளிலும் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று, பிறகு தானாகவே கழன்று விழும். பூண்டு கொடுத்தாலும் விழும், கொடுக்காவிட்டாலும் விழும். விழுந்தது செத்துப்போவதில்லை. மணலிலும் லைவ் ராக் என்ற கடல்பாறையிலும் ஒட்டி, ஓடு கட்டிக்கொண்டு, உள்ளேயே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் பெருகுகிறது. பல ஓடுகள் சில நாளில் திறக்கும், சில நான்கு வாரம் எடுக்கும். ஆய்வுக்கூடத்தில் 72 நாள் கழித்துத் திறந்ததும் உண்டு. வெளியே வருபவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துவிடும். கடலில் பெரும்பாலானவற்றுக்கு மீன் கிடைக்காது. நம் தொட்டியில் எல்லா மீனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் முதல் சுற்றில் பத்துப் புள்ளி, இரண்டாவது சுற்றில் உடம்பு முழுக்கப் புள்ளி. இரண்டாவது சுற்றைக் காணொளியில் யாரும் காட்டுவதில்லை.

சூட்டை ஏற்றுவது எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். நன்னீர் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி வேறு உயிரி. அதற்குச் சூடும் கல்லுப்பும் ஓரளவு வேலை செய்யும். கோல்ட் ஃபிஷ் வளர்த்த அனுபவத்தை அப்படியே கடல் தொட்டிக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். இங்கே 32 டிகிரி வைத்தால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாகலாம், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். செவுளில் ஒட்டுண்ணியோடு மூச்சுவிடத் திணறும் மீனுக்கு இதுவா வைத்தியம்? சென்னையில் மே மாதம், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டி தானாகவே 30 தாண்டும். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் இந்த நோயே இருக்கக்கூடாது.

சரி, கொடுமை என்ற வார்த்தைக்கு வருகிறேன், ஏனென்றால் என்னைச் சுட்டது அதுதான்.

சென்ற வருடம் ஒரு பவுடர் ப்ளூ டேங் வாங்கினேன். கடையில் நன்றாகத் தின்றது, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் தனித்தொட்டியில் விட்டேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய் துண்டுகள், வேறு ஒன்றும் கிடையாது. மறுநாள் காலை அது தண்ணீர் வேகமாக வரும் இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு படபடவென்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மாலையில் டார்ச் அடித்தபோது உடம்பில் மஞ்சள் பொடி படிந்தது மாதிரி மினுமினுப்பு. வெல்வெட், வேறொரு ஒட்டுண்ணியால் வரும் நோய். வெள்ளைப்புள்ளியாவது நமக்கு அவகாசம் தரும், இது இரண்டு மூன்று நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். உடனே தண்ணீரில் காப்பர் மருந்தை (செம்பு) ஏற்ற ஆரம்பித்தேன். விடிவதற்குள் மீன் போய்விட்டது.

அதை நான் இங்கே எழுதினேன். அப்போது வந்த பதில் "கொன்னுட்டு பதிவு வேற". படித்தவுடன் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த மீன் நேராகப் பெரிய தொட்டிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க அங்கே ஒருவர்கூட இல்லை. அங்கேதான் எங்கள் க்ளவுன் மீன் ஜோடி இருக்கிறது. பாறை ஓரத்தில் முட்டையிட்டு, ஆண் மீன் வாயால் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து காவல் காக்கும். என் அம்மா காலைக் காபியை அந்தத் தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் குடிப்பார். அந்த ஜோடி இன்றும் இருக்கிறது. தனித்தொட்டியால் இருக்கிறது.

"பத்து வருஷமா நான் எதுவும் செய்யல, ஒண்ணும் ஆகல" என்பவர்களுக்கு: ஒருமுறை தாக்குப்பிடித்த மீனுக்குச் சில மாதங்கள் எதிர்ப்புச் சக்தி இருக்கும். ஓரிரு ஒட்டுண்ணி செவுளில் இருந்தால் வெளியே தெரியாது. நன்றாகத் தின்னும் மீன் அதோடு வாழ்ந்துவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருநாள் கரண்ட் போய், அல்லது புதிதாக ஒரு முரட்டு மீன் வந்து எல்லாம் மிரளும்போது அது கிளம்பும். "எல்லாத் தொட்டியிலும் இச் (வெள்ளைப்புள்ளி) இருக்கும்" என்பது பொய். உள்ளே விடாவிட்டால் அது எங்கிருந்து முளைக்கும்?

இடமில்லை, காசில்லை என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. பல ஆயிரம் கொடுத்து மீன் வாங்குகிறவருக்கு இரண்டு பிளாஸ்டிக் டப் வாங்க முடியாதா? காப்பருக்குப் பயமென்றால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மட்டும் காய்ந்த, சுத்தமான டப்புக்கு மாற்றுங்கள். நான்கு மாற்றத்தில், 12 நாளில், மருந்தே இல்லாமல் இச் போய்விடும். விழுந்தது ஓடு திறப்பதற்குள் மீன் அங்கிருந்து போய்விடுகிறது. வெல்வெட்டுக்கு இது போதாது, அதற்குக் காப்பர்தான். சாதாரண காப்பர் சல்பேட் என்றால் தண்ணீரில் கரைந்த காப்பர் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் இருக்க வேண்டும். வேறு சேர்மத்தோடு பிணைத்து விற்கும் கீலேட்டட் வகைக்கு அளவே வேறு. டெஸ்ட் கிட் இல்லாமல் தொடாதீர்கள். பவளம், இறால் இருக்கும் தொட்டியில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

ஏற்கெனவே வந்துவிட்டதா? எல்லா மீனையும் வெளியே எடுத்துச் சிகிச்சை கொடுங்கள். பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 76 நாள் விடுங்கள். பவளமும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். இது நீளம்தான். குறுக்குவழி இருந்தால் எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

கொடுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மீன் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா? ப்ளூ டேங்கை முதல்முறை தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்தது 2016இல், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில். இன்றும் கடைக்கு வருபவை அநேகமாக எல்லாம் கடலில் பிடித்தவை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிறகு பையில் அடைபட்டு, விமானத்தில், கை மாறி கை மாறி, தின்னாமல் வந்து சேர்கிறது. இவ்வளவையும் தாண்டி உயிரோடு வந்ததை, முரட்டு மீன்கள் துரத்தும் தொட்டியில் அன்றைக்கே தள்ளுவது கருணை. யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் விட்டு, தின்னப் பழக்கினால் கொடுமை. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

கொளத்தூரில் எனக்குப் பழக்கமான கடைக்கார அண்ணன் ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "தம்பி, எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணிதான் சுத்துது. கொஞ்சம் காப்பர் போட்டு வச்சிருக்கோம், அதான் புள்ளி அமுங்கியிருக்கு. உங்க வீட்டுக்குப் போனா வரும், பாத்துக்குங்க." அவர் சொன்னதால் நான் தயாராக இருந்தேன். எத்தனை கடையில் இதைச் சொல்கிறார்கள்? தண்ணீரில் என்ன போட்டிருக்கிறோம், எவ்வளவு போட்டிருக்கிறோம் என்று கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டட்டும். மீனை இரண்டு வாரமாவது தனியாக வைத்துப் பார்த்துவிட்டு விற்கட்டும். அதற்காக விலையைக் கூட்டினால் முதல் ஆளாக நான் கொடுத்து வாங்குகிறேன்.